எடுபிடி

"ஏம்மா, கீழே லேப் வரைக்கும் போயிட்டு வந்துடேன். உங்கப்பா ரிப்போர்ட் ரெடியான்னு கேட்டுட்டு வா."

இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டாள் வார்டு கிளார்க். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போன், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் ஃபைல். தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

மகளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அப்பாவின் காலில் கொதிக்கிற தண்ணீர் கொட்டி, முழங்காலுக்குக் கீழே தோல் வழன்று போயிருந்தது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளத்தான் தையல் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். தினமும் காலையில் கட்டைப் பிரித்து, புண்ணைச் சுத்தம் செய்து, புதுக்கட்டுப் போடுவார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் இந்தம்மாளுக்கு வேலை முளைக்கும்.

நேற்று, "உன் விசிட்டர் பாஸ்ல சீல் சரியா விழலை, மாத்திட்டு வா" என்றாள். சீல் பளிச்சென்றுதான் இருந்தது. அதற்கு முந்தின நாள், பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஸ்கேன் ரூம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டு வரச் சொன்னாள். அப்பாவுக்கு ஸ்கேனே கிடையாது!

முணுமுணுத்துக்கொண்டே லேபுக்குப் போனாள்.

"ரிப்போர்ட்டை நாங்களே மேலே அனுப்பிடுவோமே, உங்களை யாரு வரச் சொன்னது?" என்றார்கள் அங்கே.

திரும்பி வந்தபோது அப்பா புதுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"எங்கே ஊர் சுத்திட்டு வர்றே?"

"அந்தக் கிளார்க்கைக் கேளுங்க. கட்டுப் பிரிக்கும்போது வலிச்சுதாப்பா?"

"ம்க்கும். கிச்சுக்கிச்சு மூட்டற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கிசுகிசுத்தாள். "எங்ககிட்ட எல்லாம் அந்தம்மா ஒரு வேலையும் சொல்றதில்லையே. உன்னைப் பார்த்தா இளிச்சவாய்னு தோணிடுச்சு போல."

அது போதாதா? நேராகத் தலைமை நர்ஸிடம் போய்க் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"நான் எங்கப்பாவுக்குத் துணையா வந்தேனா, இவங்களுக்கு எடுபிடியா வந்தேனா? அட்டெண்டர் எதுக்கு இருக்கார்?"

"நான் சொல்லி வைக்கிறேம்மா" என்றார் தலைமை நர்ஸ்.

மறுநாள் காலை. அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கட்டுப் போடும் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே துணைக்கு யாரையும் விடுவதில்லை. மகள் வெளியே பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள்.

எதிர் மேஜையில் கிளார்க், "பெட் எல்லாம் ஃபுல் சார். ஒண்ணு மத்தியானம் காலியாகும், அப்பக் கூப்பிடறேன்" என்று போனை வைத்தாள்.

"ஏம்மா..."

"சொல்லுங்க மேடம்."

"கீழே போய் ஒரு டீ குடிச்சுட்டு வாயேன்."

"உங்களுக்கு வாங்கிட்டு வரணுமா?"

"எனக்கு வேண்டாம். நீ குடி."

"எனக்கும் வேண்டாம்."

"சரி, வாசல்ல கொஞ்ச நேரம் காத்தாட நின்னுட்டு வா."

"நான் எங்கேயும் போறதா இல்லை. நேத்தே மேலிடத்துல சொல்லியாச்சு."

"சொன்னாங்கம்மா. எனக்குக் கோபம் எல்லாம் இல்லை." கிளார்க் முதன்முதலாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். "இப்பப் போயிடும்மா."

கெஞ்சுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயித்துவிட்ட திருப்தி.

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து அலறல் கேட்டது.

"ஐயோ... அம்மா... விட்டுடுங்கம்மா... போதும்மா!"

யாரோ பாவம் என்று நினைத்தாள். மறுபடி ஒரு முறை கேட்ட பிறகுதான் அது அப்பா என்று புரிந்தது. அப்பாவின் குரல் இப்படி உடைந்து அவள் கேட்டதே இல்லை. எழுந்து ஓடிப்போய்க் கதவில் கை வைத்தாள். அதற்குள் கிளார்க் வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளே போகாதே. இப்ப முடிஞ்சுடும்."

பிடித்த கையை விடவே இல்லை. உள்ளே சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கியது. அதன் பிறகுதான் கிளார்க் தன் இடத்துக்குப் போனாள்.

கதவு திறந்தது. மகள் சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். நர்ஸ் தள்ளிக்கொண்டு வந்த நாற்காலியில் அப்பா, துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜை அருகே வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"மேடம், இன்னைக்கு ரொம்பக் கத்திட்டேன், மன்னிச்சுக்குங்க." குரல் இன்னும் நடுங்கியது. "நான் கேட்டுக்கிட்ட மாதிரி, என் பொண்ணைத் தூரமா எங்கேயாவது அனுப்பி வெச்சிட்டீங்கதானே?"

கிளார்க்கின் பார்வை அவர் தலைக்கு மேலே போயிற்று. கதவோரம் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"லேபுக்கு அனுப்பியிருக்கேன் சார். எப்படியும் வர நேரமாகும்."

மகள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் மாடிப்படி இறங்கினாள்.