அயலவன் தந்த காதுமூடி

ஞாயிறு பூசைக்குக் கட்டிய சேலையோடேயே வேரோனிக்கா குசினி மேசைக்கு அடியில் பதுங்கி இருக்கிறாள். ஆரவாரம் வேண்டாமென்று நகரத்துக்குள், மில்லிக்கனில் இருந்த வீட்டை விற்றுவிட்டு ரொறன்ரோவுக்கு வடக்கே வாங்கிய காணி இது. வேலிக்கு அப்பால் அயல்வீட்டுக்காரன் இலக்குப் பலகையை நோக்கிச் சுட்டுக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு வெடிக்கும் அலுமாரிக்குள் கிளாசுகள் கிணுகிணுக்கின்றன. முறையிடப் போன கணவர் அமிர்தநாதர் சிவப்புக் காதுமூடி ஒன்றோடு திரும்பி வருகிறார். "என்னவாமப்பா?" "அவன்ர காணிக்குள்ள சுடுறது சட்டப்படி சரியாம். பொலிசும் அதைத்தானே சொன்னது. சிரிச்சுக்கொண்டு இதைத் தந்துவிட்டவன். வெடிச்சத்தம் எங்களுக்குப் போகப் போகப் பழகிடுமாம்." ஊரில் சண்டைக்குள் பழகியது இன்னும் விட்டுப்போகவில்லை என்பதை அவனுக்கு எந்த இங்கிலிசில் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. காதுமூடியை அவளுடைய கொண்டை கலையாமல் மாட்டிவிடுகிறார். சன்னல் வெயிலில் அவள் முகம் மெல்ல இளகுகிறது. "நிப்பாட்டிட்டானோ?" தன் குரல் தனக்கே கேட்காததால் உரத்துக் கேட்கிறாள். அவர் ஓம் என்று தலையாட்டுகிறார். ஆட்டி முடிவதற்குள் அடுத்த வெடி. அவருடைய தோள் துள்ளி விழுகிறது. வேரோனிக்கா அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.