ஆலைப் பக்கம் அடித்த மணி

"முடியாது மாமா. அந்த மனுஷனை என் வீட்டுப் படி ஏத்த மாட்டேன்."

தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

ஸ்டூல் நுனியில் உட்கார்ந்திருந்தவர், ஒரு காலத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். அவள் அப்பாவுக்கு மிச்சமிருந்த ஒரே சிநேகிதர்.

"நாளைக்கு அந்தத் தீ பார்க்கிற கோபுரத்தை இடிக்கிறாங்கம்மா. அடியில இருக்கிற அந்த ஒத்தை ரூமும் போயிடும். உங்கப்பா எங்கே போவான்?"

"எங்கம்மா போன இடத்துக்குப் போகட்டும்."

சொன்ன பிறகு அவளுக்கே அது அதிகமாகப்பட்டது. ஆனாலும் விடவில்லை.

"எங்கே தீ பிடிச்சாலும் பார்த்து மணி அடிக்கத்தானே அவரை அவ்வளவு உசரத்துல உட்கார வெச்சாங்க? ஊர்ல எவன் வீட்டுப் புகையும் தெரியும், சொந்த வீடு எரியறது மட்டும் கண்ணுக்குத் தெரியலையாம். ஆலைப் பக்கம்னு மணி அடிச்சார். இருந்த ஒரே வண்டியும் பஞ்சு குடோனுக்குப் போச்சு. முதலாளியோட பஞ்சு பத்திரம். காய்ச்சல்ல படுத்திருந்த எங்கம்மா பாயோட கரிஞ்சு போனாங்க."

"தெரியலைன்னு அவன் சொன்னது பொய்ம்மா."

மெஷின் நின்றது.

"ரெண்டு புகையையும் பார்த்தான். பார்த்துட்டுத்தான் ஆலைக்கு அடிச்சான்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சேவா? பஞ்சுக்காகவா மாமா?"

"குடோனை ஒட்டி ஒரு கொட்டகை இருந்தது. வேலைக்கு வர்ற பொம்பளைங்க பிள்ளைகளை அங்கேதான் தொட்டில்ல போட்டிருப்பாங்க." அவர் குரல் இறங்கியது. "அன்னைக்கு நீ எங்கே இருந்தேன்னு உங்கப்பா சொல்லியிருக்கான்?"

"அத்தை வீட்ல."

"இல்லம்மா. அம்மாவுக்கு முடியலைன்னு பக்கத்து வீட்டுக்காரி உன்னையும் தூக்கிட்டு வேலைக்குப் போயிருந்தா. தொட்டிலை அறுத்து உன்னை வெளியே தூக்கிட்டு வந்தது இந்தக் கைதான்."

அவள் தைத்துக்கொண்டிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"ஏன் மாமா இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலை?"

"சத்தியம் வாங்கிட்டான். இன்னைக்கு மீறிட்டேன், ஆண்டவன் மன்னிக்கட்டும்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "'அம்மாவைக் கொடுத்து மீட்ட உயிருன்னு தெரிஞ்சா என் பொண்ணு தன்னையே வெறுத்துடும்டா. அதுக்கு என்னை வெறுத்துட்டுப் போகட்டும்'னான்."