வரேன்

வடதேசத்துக் குளிருக்குப் பயந்து வந்த வாத்துக்கு, ஏரிக்கரை மைனா நத்தை விருந்து வைத்தது. சாப்பிட்டதும் இரண்டும் கண்ணாமூச்சி ஆடின. வாத்து நாணலுக்குள் ஒளிந்தது. தேடித் தேடிக் களைத்த மைனா, இருட்டுகிற நேரத்தில், "சரிப்பா, நான் வரேன்!" என்று கத்திவிட்டுக் கூட்டுக்குப் போய்விட்டது.

காலையில் மைனா புழு பொறுக்க வந்தபோது, வாத்து அதே நாணலில் பனியில் நனைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

"இன்னுமா ஒளிஞ்சிருக்கே?"

"நீதானே வரேன்னு சொன்னே!"

"ஐயோ, கிளம்பும்போது வரேன்னா, போறேன்னு அர்த்தம்."

வாத்துக்குத் தலை சுற்றியது. "அப்போ வரமாட்டேன்னா என்ன சொல்லுவே?"

"பார்க்கலாம்னு சொல்லுவேன்."

"சரி, இன்னிக்குச் சாயங்காலம் ஆட வருவியா?"

"பார்க்கலாம்!" என்று சிரித்துக்கொண்டே மைனா பறந்தது.

ஒளிந்துகொள்வதா வேண்டாமா என்று புரியாத வாத்து, சாயங்காலம் தலையை மட்டும் நாணலுக்குள் நுழைத்து வைத்துக்கொண்டது.