வளையல்காரி ஏன் அழுதாள்?

"அந்த வளையல்காரி எதுக்கு அழுதான்னு சொன்னிய?"

பேராச்சி சாதாரணமாகத்தான் கேட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த வெயிலுமுத்துவுக்குத்தான் கை நின்றுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அவளை ஓர் இந்திப் படத்துக்குக் கூட்டிப் போயிருந்தான். அவள் தாராவிக்கு வந்து மூன்று மாதம். அவன் வந்து நாலு வருஷம். பம்பாயில் தன்னைப் போல இந்தி பேச ஆள் கிடையாது என்று ஊர் முழுக்க அளந்து வைத்திருந்தவன், கொட்டகையில் சும்மா இருக்க முடியுமா? திரையில் ஒருவர் வாயைத் திறக்கும் முன்பே இவன் தமிழில் சொல்ல ஆரம்பித்துவிட்டான். சுற்றி இருந்த திருநெல்வேலிக்காரர்கள் எல்லாரும் இவன் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டார்கள். உண்மையில் இந்த மகராசனுக்குத் தெரிந்த இந்தி நாலே வார்த்தை. அதில் இரண்டு வசவு. தோல் கிடங்கில் கூட வேலை பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள் என்பதால் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

கதை விட்டதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அதில் தன் காரியத்தையும் நுழைத்துவிட்டான்.

பேராச்சிக்கு வாசலில் இட்லிக்கடை போட வேண்டும் என்று ஆசை. விடியற்காலையில் வேலைக்குப் போகிற ஆட்கள் வெறும் வயிற்றோடு ஓடுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வந்த யோசனை அது. வந்த நாளாய் நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது பிடிக்கவே இல்லை. பெண்டாட்டி கையை நம்பிப் பிழைக்கிறவன் என்று கிடங்கில் கேலி பண்ணுவார்களே, அந்தப் பயம்தான்.

படத்தில் கதாநாயகி வளையல் விற்கிறாள். புருஷன் கூடையை எட்டி உதைக்கிறான். அவள் அழுகிறாள். கடைசியில் புருஷன் கை கூப்பிக்கொண்டு நிற்கிறான். வெயிலுமுத்துவுக்கு இது போதாதா? யாவாரத்துக்குத் தெருவில் இறங்கியது தப்பு என்று அவள் அழுகிறாள், இனி வாசல்படி தாண்ட மாட்டேன் என்று சத்தியம் பண்ணுகிறாள், புத்தி வந்ததே என்று புருஷன் சாமியைக் கும்பிடுகிறான் என்று வெளுத்து வாங்கிவிட்டான். பின்வரிசையில் ஒரு பெரியவர் மூக்கைச் சிந்தினார். பேராச்சியும் அன்றோடு இட்லிப் பேச்சை விட்டுவிட்டாள்.

இப்போது எதற்கு அந்த வளையல்காரி?

"அதான் சொன்னேம்லா, செஞ்ச தப்பை நெனச்சு அழுதா" என்றான்.

"அப்படி இல்லையாம்லா" என்றாள் பேராச்சி.

கரீம் பாட்சாவின் பெண்டாட்டி ரஷீதாவோடு புதன்கிழமை பகல் ஆட்டத்துக்குப் போய் அதே படத்தை மறுபடி பார்த்தாளாம். ரஷீதா ஒவ்வொரு பேச்சுக்கும் அர்த்தம் சொன்னாளாம்.

வெயிலுமுத்து கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டான். கரீம் பாட்சா அவன் கிடங்கு மேஸ்திரி. வடக்கத்தி லாரிக்காரர்களோடு இந்தியில் சரிக்குச் சரி சண்டை போடுகிற மனுஷன். போன வாரம்தான் பெண்டாட்டியைக் கூட்டி வந்து ரெண்டு வீடு தள்ளிக் குடிவைத்திருந்தார். சாயபு வீட்டுப் பெண், உருது தாய்ப்பாலோடு வந்திருக்கும் என்று இவன் மனசு கணக்குப் போட்டது.

"அவ என்ன சொன்னா?" என்றான், குரல் இறங்கி.

"'நீ ஒதச்சது என் கூடையை இல்ல, நாளைக்கு நீ திங்கப்போற சோத்தை'ன்னு சொல்லி அழுதாளாம். அதைக் கேட்டுத்தான் அவன் கையெடுத்துக் கும்புட்டு மன்னிப்புக் கேட்டானாம். 'இனிமே நீ யாவாரம் பண்ணு, நான் கூடை தூக்குதேன்'னானாம்."

அட பாவி மக்கா, இவனுக்கு எப்படி இருந்திருக்கும்! இல்லை என்று சொன்னால் ரஷீதாவைக் கூப்பிடுவாள். ரஷீதா வந்தால் பாட்சா வருவார். அப்புறம் கிடங்கு முழுக்க நாறிப்போகும். நாலு வருஷமாய்க் கட்டிக் காத்த பேர் ஒரே ராத்திரியில் போய்விடும்.

"வேணும்னா அந்தக்காகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருவமா?" என்று எழுந்தே விட்டாள் பேராச்சி.

"இருடி, இருடி. அந்த இடத்துல பக்கத்துல ஒருத்தன் இருமிக்கிட்டே இருந்தானா, எனக்குச் சரியாக் காதுல விழல. அவுக சொன்னதுதான் சரியா இருக்கும்."

"அப்ப இட்லிக்கடை?"

"போட்டுக்க. நான் என்னைக்கு வேண்டாம்னேன்?"

அரைத்த மாவு எங்கே தயாராக இருந்ததோ, மறுநாள் விடியும்போதே வாசலில் அடுப்பு புகைந்தது. வேலைக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து வைத்தது வேறு யாருமில்லை, வெயிலுமுத்துதான். பேராச்சியின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, தோற்றதுகூட நல்லதுக்குத்தான் என்று அவனுக்கே தோன்றிவிட்டது. எப்படியோ, இந்திக்காரன் என்கிற பேர் தப்பிவிட்டது.

அப்போது பாட்சா வீட்டிலிருந்து பால் செம்போடு ஒரு பெண் வேகமாய் வந்தாள். அவளுக்குப் பின்னால் பால்காரன் இந்தியில் பொரிந்துகொண்டே வந்தான். ரஷீதா என்று பார்த்ததும் புரிந்துகொண்டு, வெயிலுமுத்து மரியாதையாய் ஒதுங்கி நின்றான்.

"அண்ணே, இந்த ஆளு என்ன சொல்றாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள் ரஷீதா. "நான் மேலப்பாளையத்துல இருந்து வந்து எட்டு நாளுதான் ஆவுது. இந்தியும் தெரியாது, உருதும் தெரியாது. இந்தத் தெருவைத் தாண்டி இன்னும் ஒரு எடமும் போனதில்ல. நீங்கதான் வெளுத்து வாங்குவியன்னு பேராச்சி சொல்லிச்சு."

வெயிலுமுத்து மெல்லத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"அந்தக்கா கேக்காகல்லா, போயிப் பேசிக் குடுங்க" என்றாள் பேராச்சி, இட்லித் துணியை உதறிக்கொண்டே.