தூத்துக்குடிக்காரர் மோட்டார்

ஆங்கிலேயர் காலத்துப் படகு மோட்டார்களைச் சேகரிக்கும் பைத்தியம் 1991-ல் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. தாம்பரத்தில் எனக்கு, தூத்துக்குடியில் ஜெபமணிக்கு. ஒருவருக்குக் கிடைத்ததை மற்றவருக்கு லாரியில் அனுப்பி உதவிக்கொள்வோம்.

"இன்னொரு மோட்டார் வந்துதுன்னா, நான் பொத்தேரிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் என் மனைவி கனகவல்லி. மறுநாளே ஒன்று வந்து இறங்கியது.

"இது ஜெபமணியோடதும்மா. அவர் வீட்ல இடமில்லையாம்" என்று விளக்கினேன்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மோட்டாரைக் காணோம்.

"பாவங்க, அடுத்தவங்க பொருள் இங்க எதுக்குத் துருப்பிடிக்கணும்? லாரி ஷெட்ல போட்டு அவருக்கே அனுப்பிட்டேன்!"

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். "ஜெபமணி, வர்றது என் மோட்டார்! எப்படியாவது திருப்பி அனுப்புங்க!"

"அனுப்புதேன் அண்ணாச்சி. ஆனா நேத்து எங்க வீட்டுக்காரியும் ஒரு மோட்டாரை உங்களுக்கு ஏத்தி விட்டுட்டா. நான் வாங்குனதுதான். உங்களுதுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

வீடு திரும்பினால், வாசலில் ஒரு பெரிய மரப்பெட்டியோடு மூன்று சக்கர மீன்பாடி வண்டி. "இன்னா கனம் கீது சார் உன் மோட்டாரு!" என்றார் வண்டிக்காரர். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் என் பெயர்.

என் வீட்டுக்கு வந்த பதினோரு மோட்டார்களில் எனக்குச் சொந்தமில்லாதது அது ஒன்றுதான். அதற்காகத்தான் கனகவல்லி பஸ் ஏறினாள்.