திறந்து வைத்த போன்

மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள், மகள் தன் செல்போனைத் திறந்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இன்னிக்கு நாலு பேர்கிட்ட பேசினேன். அதுல ஒண்ணு ராங் நம்பர்."

முதல்முறையாக மகள் வீட்டில் தங்க வந்திருந்த அப்பாவுக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"தினமும் இப்படித்தானா?" என்று மகளிடம் கேட்டார்.

"ஆமாப்பா."

அவருக்கு ரத்தம் கொதித்தது. "என்ன மாப்பிள்ளை இது? பொண்டாட்டி போனை நோண்டுறது உங்களுக்கே நல்லாருக்கா? என் பொண்ணு என்ன திருடியா?"

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் மாப்பிள்ளை, கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் ஒரு நாளும் அதைத் தொட்டதில்ல மாமா. வேணாம்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். நீங்களாவது சொல்லுங்க."

அப்பா மகளிடம் திரும்பினார். "அவர்தான் வேணாங்கறாரே. அப்புறம் ஏம்மா?"

"நான் பத்தாவது படிக்கும்போதிருந்து, ஆபீஸ்லேர்ந்து வந்ததும் என் போனைத்தானேப்பா கேப்பீங்க. நான் அழுதா, 'அக்கறை இருக்கறவன்தான் பார்ப்பான்'னு சொல்வீங்க." அவள் கணவன் பக்கம் கையைக் காட்டினாள். "இவர் ஒரு நாள்கூடப் பார்க்கலை. என்மேல அக்கறையே இல்லையோன்னு பயமா இருக்குப்பா."

"அப்படியெல்லாம் இல்லம்மா..." என்றார் அப்பா.

மேசையிலிருந்த போனின் வெளிச்சம் மங்கியது. அது அணைவதற்குள் அவள் விரலால் தொட்டு எழுப்பி, அப்பாவின் பக்கமாக நகர்த்தினாள்.

"நீங்களாவது பாருங்கப்பா."