பின்சீட்டில் ஒரு சாண்

முன்கதவைத் திறந்து அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால்.

பழைய கார் விற்கும் கடைக்காரர், அவரை அழைத்து வந்த மகனைப் பார்த்தார். மகன் இசக்கிராஜ் தரையைப் பார்த்தான்.

இசக்கிராஜின் அம்மா அவரைப் பார்த்தாள்.

முப்பத்தொரு வருடம் அரசு பஸ் ஓட்டிய கால் அது. தானாகக் கிளட்சைத் தேடியது. இடது கை கியரைப் பிடித்தது. வலது கை ஸ்டீயரிங்கை ஒரு சுற்றுத் தடவி வந்தது.

பிறகு அவருக்கே உறைத்தது.

"பின்னாடில்லா நம்ம இடம்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

பார்வை போய்ப் பதினான்கு மாதம். கண்ணில் அழுத்தம் என்றார்கள். மாதம் ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். திருநெல்வேலியிலிருந்து மூன்று மணி நேரம். பஸ்ஸில் அவரை ஏற்றி இறக்க முடியவில்லை என்றுதான் மகன் கார் பார்க்கிறான்.

இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நின்றன. ஒன்று பெரியது. ஒன்று சின்னது.

முதலில் பெரியது.

பின்சீட்டில் அவர் வலது ஓரம். அவள் இடது ஓரம்.

சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். முதுகைச் சாய்த்தார். காலை நீட்டினார். எங்கும் முட்டவில்லை. கையை உயர்த்திக் கூரையைத் தேடினார். அது தூரத்தில் இருந்தது.

"மெத்தை தோத்துப்போகும். நான் ஓட்டுன வண்டிக்கு இது அரமனை."

கடைக்காரருக்குச் சந்தோஷம். பின்சீட்டின் நடுவிலிருந்து ஒரு பட்டையை இறக்கிவிட்டார். கை வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டில்கூட வைக்கலாம்.

மூன்றாவது ஆள் மாதிரி அது இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டது.

கதவைச் சாத்தினார்கள். வெளியே ரோட்டுச் சத்தம் சட்டென்று அறுந்தது.

அவள் ஒன்றும் பேசவில்லை.

அவருடைய கை நகர்ந்தது. பட்டையைத் தொட்டது. பட்டைக்கு அந்தப் பக்கம் போனது.

அங்கே வெறும் மெத்தை.

"ஏளா. இருக்கியா?"

"இருக்கேன்."

முன்சீட்டிலிருந்து மகன் சிரித்தான். "அம்மா எங்க போவாப்பா? கதவு சாத்தியாச்சுல்லா."

அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிற கேள்வி அது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் ஓய்ந்தால் போதும், கட்டிலிலிருந்து அந்தக் குரல் வந்துவிடும். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாலோ மாட்டார். கம்பு போதும் என்பார். பெண்டாட்டி கையைப் பிடித்து நடந்தால் டிப்போக்காரர்கள் பார்ப்பார்களாம்.

முன்பெல்லாம் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

அம்மா வீட்டுக்குப் போகும்போது அவருடைய பாபநாசம் பஸ்ஸில்தான் ஏறுவாள். இடது பக்கம், மூன்றாவது சீட். அவர் தலைக்கு மேலே ஒரு நீளக் கண்ணாடி. அதில் பஸ் முழுக்கத் தெரியும். சேரன்மகாதேவியில் ஒரு பார்வை. வீரவநல்லூரில் ஒரு பார்வை. ஆற்றுப்பாலத்தில் ஒன்று.

அவ்வளவுதான். அது அவளுக்கு ஊர் போய்ச் சேரும்வரை போதும்.

சொன்னால் சிரிப்பீர்கள். அத்தனை வருடம் அவருடைய வண்டியில் போனவள், ஒரு நாள்கூட அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனதில்லை.

ஓட்டுகிறவர் பக்கத்தில் எப்படி உட்கார முடியும்?

அடுத்தது சின்ன கார்.

ஏறும்போதே தலை இடித்தது. முழங்கால் இரண்டும் முன்சீட்டின் முதுகில் போய் முட்டின. யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றி ஓட்டிய வண்டி. பின்சீட்டின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

அவர் வலது ஓரத்தில் உட்கார்ந்தார். சரிந்து நடுவுக்கு வந்தார்.

அவள் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளும் சரிந்தாள்.

தோளோடு தோள் இடித்தது.

பழக்கத்தில் அவள் விலகப் பார்த்தாள். பள்ளம் விடவில்லை.

மகன் எஞ்சினைப் போட்டான். கதவுகள் சாத்தியிருந்தன. அவள் பேசவில்லை. அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள்.

ஒரு நிமிடம் போனது.

இன்னொரு நிமிடமும்.

அவர் கேட்கவில்லை. மடியில் கை இரண்டும் சும்மா கிடந்தன. நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் அவள் அதைப் பார்த்தாள். பக்கத்தில் தன் முகமும் தெரிந்தது.

மகன் எஞ்சினை அணைத்தான்.

"தெருவுக்குள்ள போகும்னுதான் இதயும் பாக்கச் சொன்னேன். ஆனா சீட்டு ஸ்பாஞ்சு செத்துப்போச்சுப்பா. ரெண்டு பேரும் நெருக்கிக்கிட்டுக் கெடக்கீங்க. பெருசே எடுத்துருவோம்."

அவர் சீட்டைத் தடவினார். பள்ளத்தின் விளிம்பில் விரல்கள் நின்றன.

"இதே இருக்கட்டும்லே," என்றார். "எஞ்சின் சத்தம் நல்லாருக்கு."

"எஞ்சின் மேலயா உக்காந்து போகப் போறீய?"

அவர் விரல்கள் அந்த விளிம்பை விடவில்லை.

"சரி, அப்ப சீட்டையாவது மாத்திருவோம். குஷன் கடையில விட்டா ரெண்டே நாளு. ஆளுக்கொரு பக்கமா நிமுந்து உக்காந்து வரலாம்."

அவர் முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. அந்தக் காலத்தில் பஸ் கண்ணாடியில் அவளைத் தேடித் திரும்புகிற மாதிரியே.

"அதெல்லாம் ஒண்ணும் மாத்தாண்டாம்யா," என்றாள் அவள்.

"உனக்கு இடம் பத்தலையேம்மா."

கதவோரம் அவள் பக்கத்தில் இன்னும் ஒரு சாண் இடம் இருந்தது.

மடியில் வைத்திருந்த பையை எடுத்து, அந்த இடத்தில் செருகினாள்.